ஹைட்ரஜன் மேல் போட்ட நாற்றப் பழி

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவள் என் தங்கை நித்யஸ்ரீ ஒருத்திதான். பல்லடம் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். பூமிக்கு வெகு உயரத்தில் ஹைட்ரஜன் மெல்லிய ஒளிவட்டமாகச் சூழ்ந்திருக்கிறதாம். சூரியனிலிருந்து காந்தப் புயல் வந்து மோதும்போது அந்த வட்டம் எப்படி மாறுகிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் போடுவதுதான் அவள் ஆராய்ச்சி. 2024 மே மாதம் பெரிய புயல் வந்தபோது, வட்டத்தின் வெளிப்பக்கம் ஹைட்ரஜன் கூடும் என்று அவள் சொன்னது பேப்பரில் சின்னதாக வந்தது.

அதே வாரம் எங்கள் ஊர்க் குமாரசாமியின் கோழிப்பண்ணையில் வெயில் தாங்காமல் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. புதைக்க வேண்டியவர், பின்னாலிருந்த கல்லுக்குழியில் கொட்டிவிட்டார். ஊரே நாறியது. தட்டில் சோறு தெரியாமல் ஈ மொய்த்தது. ஊர்க்காரர்கள் புகார் கொடுத்தார்கள்.

அதை விசாரிக்க அதிகாரி வருவதற்கு முதல் நாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. எங்கள் பக்கம் யாரைப் பாராட்டினாலும் பாராட்டுகிறவர் படம்தான் பெரிது. குமாரசாமி கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நின்றார். ஓரத்தில் தட்டளவுக்கு நித்யஸ்ரீ. கீழே, 'ஊர் நாற்றத்துக்குச் சூரியப் புயலின் ஹைட்ரஜனே காரணம் எனக் கண்டறிந்த மண்ணின் மகளுக்கு வாழ்த்துகள்.'

பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள், "நம்ம புள்ளயே சொல்லிருச்சு, அப்பறம் அவர என்னத்துக்குக் குத்தஞ் சொல்றது?" என்றார். புகாரை வாபஸ் வாங்கும் பேச்சு கிளம்பிவிட்டது.

மறுநாள் பண்ணை வாசலில், அதிகாரி முன்னால் நித்யஸ்ரீ குமாரசாமியிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நான் எப்பங்க இப்பிடிச் சொன்னேன்?"

"உங்க பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்னுதானுங்க அம்மணி செஞ்சுபோட்டேன். ஐட்ரஜன் கூடுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. கூடுனா நாறாதுங்களா?"

"அதுக்கு வாசமே கெடையாதுங்க. புயலுல மேல் காத்து சூடாகி, அங்க இருக்கறது இன்னும் மேல போவுது. உங்க ஊட்டுக் கொல்லைக்கு எறங்கி வராதுங்க."

"படிச்ச புள்ளைக்கு நம்ம கோழி மேல கோவம் போலிருக்குதுங்க" என்று சிரித்தார். கூட்டத்தில் நாலு பேர் கூடச் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "கோழியவே பாத்துரலாம், வாங்க சார்" என்று அதிகாரியைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். குழி புழுவால் நெளிந்துகொண்டிருந்தது. சிரித்தவர்களில் ஒருவர் அங்கேயே வாந்தியெடுத்தார். குழியை உடனே மூடச் சொல்லி அதிகாரி எழுதிக் கொடுத்தார். புகாரை யாரும் வாபஸ் வாங்கவில்லை.

மண் லாரி வரும்வரை குழியை மூடக் குமாரசாமிக்கு அந்த ஃபிளெக்ஸ்தான் கிடைத்தது. தன் படத்தை உள்பக்கமாக மடித்து, அவள் முகம் மேலே தெரிய விரித்திருந்தார். அதன்மேல் ஈ.

"உடு அக்கா, மண்ணு உழுந்தா மூடிக்கும்" என்றாள் நித்யஸ்ரீ.

நான் விடவில்லை. நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற கத்தரியை எடுத்துப்போய், மூக்கைக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தை ஓரம் கோணாமல் வெட்டி எடுத்து வந்தேன். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் இன்னும் நாறுகிறது.