மேலூருக்கு நான் போகாத இரண்டு நாள்

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினாறு வருடமாகச் சாகக் கிடப்பவர்கள் வீட்டுக்குத்தான் தினமும் போய் வருகிறேன், எத்தனையோ பேர் என் கண் முன்னாலேயே போயிருக்கிறார்கள், ஒருத்தர்கூடத் திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் இப்போதே சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் இல்லையா, அவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கிற நர்ஸ் நான். வலி மருந்து கொடுக்க வேண்டும், புண்ணைத் துடைக்க வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், கொஞ்சம் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஸ்ரீரங்கம் தீவு முழுக்க என் பொறுப்பு. ஸ்ரீரங்கம் என்றால் உங்களுக்குக் கோபுரம்தான் நினைவுக்கு வரும், நான் அதிகம் போவது மேற்கே மேலூர்ப் பக்கம், ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் வாழைத்தோப்பு, தோப்புக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு. நான் இருப்பது தென்னூரில், தனியாக. வீட்டுக்காரர் குவைத்தில், மகன் சென்னையில் படிக்கிறான், ஒரு ஆளுக்காக உலை வைக்கவே பல நாள் வெறுப்பாக இருக்கும்.

தங்கராசு ஐயா மேலூரில் என் நோயாளி. காந்தி மார்க்கெட்டில் காலமெல்லாம் வாழைத்தார் சுமந்தவர், புற்று முதுகெலும்பில் ஏறி இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுவார், ஆனால் அவரே இடுப்புவலிக்காரர், ஐயாவைப் புரட்டிப் போடுகிற வேலை அவரால் ஆகாது. அதனால் காலையும் மாலையும் நான் போய்த் திருப்பிப் படுக்க வைப்பேன், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கீழே சுருட்டிய துண்டு. இதில் ஒரு நாள் தவறினாலும் தோல் கன்றி உடைந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்டாட்டி போறப்ப நான் மார்க்கெட்ல லோடு எறக்கிக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். வந்து பாத்தா அவ கை கட்டிலுக்கு வெளியில நீண்டு கெடக்கு, யாரையோ தேடியிருக்கா. எனக்கு அப்படி ஆகக் கூடாது. போறப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்களா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம், போகிற நேரம் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலும் இன்ஷா அல்லா என்று சொல்லாமல் நாளைக்கு என்று எதற்கும் வாக்குக் கொடுக்க மாட்டோம். அன்றைக்கு எனக்கு இரண்டும் மறந்துபோனது. "இருப்பேன் ஐயா, உங்க கையப் புடிச்சுக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகு அதைத் திரும்ப வாங்க எனக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை பார்த்தபோது பாதம் சூடாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது, இன்னும் பத்து நாள் தாங்குவார் என்று கணக்குப் போட்டேன். வியாழன் விடியும்போது எனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை, பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். ஆபீசுக்குப் போன் செய்தால், இருக்கிற இன்னொரு நர்ஸ் வையம்பட்டிப் பக்கம் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார் என்றார்கள். மல்லிகா அக்காவின் போன் பாதி நாள் சார்ஜ் இல்லாமல் கிடக்கும், அன்றும் அப்படித்தான், எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க எனக்கு ஆளில்லை. எத்தனையோ பேர் வாயில் தண்ணீர் விட்டவள், நானே தொண்டை காய்ந்து கிடந்தேன். அதைவிட, அவர் புரளாமல் அப்படியே கிடப்பாரே என்ற நினைப்புதான் கொன்றது, அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. யா அல்லா, என்னால் போக முடியவில்லை, யாரையாவது அனுப்பு என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் எப்போது தூங்கினேனோ தெரியாது, விழித்தபோது மணி ஐந்தாகப் போகிறது, நைட்டியெல்லாம் வேர்வையில் நனைந்து காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டிப் போனேன். ஐயா வீட்டு வாசலை மல்லிகா அக்கா கழுவிக்கொண்டிருந்தார். கட்டில் வெளியே கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"நேத்து பொழுது சாயுறதுக்குள்ளயே எடுத்துட்டோம் சிஸ்டர்" என்றார்.

"தனியாவா போனாரு அக்கா?"

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன கேக்குறீங்க? நீங்கதானே கூட இருந்தீங்க. வியாழக்கிழமை ரெண்டு தடவை வந்தீங்க, நேத்து காலையில வந்தவங்க நகரவே இல்ல. மாஸ்க்கப் போட்டுக்கிட்டு அவரு கையப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்க. மூணு மணிக்கு நீங்கதானே வாசலுக்கு வந்து, ஐயா போயிட்டாரு அக்கான்னு சொன்னீங்க."

நான் வரவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க, நிம்மதியாப் போனாரு. குளிப்பாட்டுனவங்க சொன்னாங்க, முதுகுல ஒரு செவப்புகூட இல்லையாம்" என்றார்.

வேறு யாரையோ பார்த்து நான் என்று நினைத்திருப்பார் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஆபீசில் விசாரித்தேன், யாரையும் அனுப்பவில்லை, அந்த நர்ஸ் இரண்டு நாளும் வையம்பட்டியில்தான். சரி, வந்தது யார் என்பதை விடுங்கள், முதுகு? இரண்டு நாள் யாரும் திருப்பாமல் கிடந்த உடம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது மல்லிகா அக்கா சொன்னார், "எனக்கு ஒரே வருத்தந்தான் சிஸ்டர். நேத்து காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலயேன்னு உங்களுக்கு டீ போட்டு எடுத்துட்டு வரேன், வேணாம்னு கெளம்பிட்டீங்க."

"ஏன்னு சொன்னேனா அக்கா?"

"சொன்னீங்களே. தென்னூர்ல ஒரு பொம்பள ரெண்டு நாளா காய்ச்சல்ல தனியாக் கெடக்குது, அதுக்கு யாருமில்ல, அங்க போகணும்னு. இப்ப எப்படி இருக்கு அவங்களுக்கு?"

"பரவால்லக்கா, விட்டுருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இன்றைக்கும் உடம்புக்கு முடியாமல் படுத்தால், கதவைத் தாழ் போடுவதா, திறந்து வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.