பாலத்தடியில் விழுந்த புள்ளி

சீட்டக்கா என்றால் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள்களுக்கு இருக்கை உறை தைப்பவள். ஊரார் உட்கார்ந்து போகத் தைத்துத் தைத்தே தானும் ஒரு வண்டி வாங்கி, மலைக்குப் போகும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போவது எப்போதும் அவள் கொழுந்தன்தான். ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் மலையைக் காட்டுவான்.

"இந்தத் தடவை வழி நான் போடுறேன். முன்னாடியும் நானே போறேன். உன் முதுகைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு."

"தாராளமா போங்க அண்ணி. ஆனா ஒரே ஒரு இடத்துல எல்லாரும் வந்த வழியே வண்டியைத் திருப்ப வேண்டி வந்தாலும், அதுக்கப்புறம் என்னைக்கும் நான்தான் முன்னாடி."

"சரிடா."

தையல் மெஷினை மூடியபின் கைபேசியில் வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்துகொண்டு உட்காருவாள். விரைவான வழி கேட்டால் அது லாரிகளுக்கு நடுவே தள்ளியது. பெரிய சாலை வேண்டாமென்றால் புழுதிக்குள் இறக்கியது. அதனால் வழி இதைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்று தனக்குப் பிடித்த வளைவுகளிலெல்லாம் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, படத்தைப் பெரிதாக்கி, புள்ளி சாலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஆற்றுப் பாலத்தில் வைத்ததை மட்டும் பார்க்கவில்லை. பாலம்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது!

புறப்பட்ட அன்று பின்னிருக்கையில் கணவன். அவனுக்கு வண்டி ஓடாது, வாய் மட்டும் ஓடும்.

பாலத்துக்குச் சற்று முன்னால், இடப்பக்கம் திரும்பு என்றது காதில் கைபேசியின் குரல். அங்கே ஆற்றை நோக்கிச் சரியும் ஒற்றைத் தடம்.

"திரும்பும்மா, சொல்லுதுல்ல!" என்றான் கணவன்.

அவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நின்றாள். பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. கொழுந்தன் பல்லெல்லாம் தெரிய அருகில் வந்தான். "என்ன அண்ணி, திருப்பிடலாமா?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கோடு அந்தத் தடத்தில் இறங்கி, பாலத்துக்கு அடியில் கரையைத் தொட்டு, போன வழியே மேலே ஏறி வந்தது. தையலில் நூல் தப்பினால் தொங்குமே ஒரு கண்ணி, அது மாதிரி. தட்டையான படத்தில் மேலே பாலமும் கீழே தடமும் ஒரே இடம். புள்ளி கீழே விழுந்திருந்தது.

"தப்பு என்னுது. புள்ளியைப் பாலத்துமேல வைக்காம கீழே வச்சுட்டேன்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"அப்போ நான் முன்னாடி..."

"எதுக்கு? ஒரு வண்டியாவது திரும்புச்சா? நின்னோம், அவ்வளவுதான்."

சிரிப்பு பின்வரிசைவரை போயிற்று. புள்ளியை அழித்தாள். கண்ணி மறைந்து, கோடு பாலத்தின்மேல் நேராக ஓடியது.

அதற்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொன்றும் அவள் வைத்த இடத்திலேயே வந்து நின்றது. உச்சியில் ஏரி கண்ணில் பட்டதும் அத்தனை வண்டிகளும் ஒலியெழுப்பின. கணவனுக்குக்கூடப் பேச்சு வரவில்லை.

கொழுந்தன் தலைக்கவசத்தைக் கழற்றினான். "இறங்கும்போதும் நீங்களே முன்னாடி போங்க அண்ணி."

"பின்னே? இறங்குறதுக்கு வேற வழி போட்டிருக்கேன். இதைவிட நல்லாருக்கும், வா!"