வெல்டிங் டெஸ்டில் தோற்ற நாளில் படவேட்டம்மா காத்தாள்

எண்பதுகளின் தொடக்கம். ஐப்பசி அடைமழை. ஆரணியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில் எல்லோரும் தறி நெய்ய, நான் மட்டும் இந்த வேலைக்கு வந்தவன். பாய்லர் வேலை எடுக்கப் போவதால் முதலாளி எங்களுக்கு டெஸ்ட் வைத்தார். தேறாதவனுக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். என் மனைவி சரோஜா அப்போது கர்ப்பமாக இருந்தாள். அப்படியும் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனாள்.

ஒரு தகட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மூலையில் ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வைக்க வேண்டும். பிறகு அதைப் பிரஸ்ஸில் அழுத்தி உடைத்து உள்ளே பார்ப்பார்கள்.

மெட்ராஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் என் தகட்டை வைத்தார். பிரஸ் இறங்கியது. படவேட்டம்மா, என்னைக் கைவிடாதே என்று உள்ளுக்குள் கதறினேன். தகடு உடைந்தது. உள்ளே முழுக்க ஊசி குத்தியது போல் ஓட்டைகள். இவ்வளவு வேண்டியும் அம்மா இரங்கவில்லையே என்று நெஞ்சு வெந்தது.

இன்ஸ்பெக்டர் உடைந்த இடத்தை உற்றுப் பார்த்தார். "வெல்டிங் ராடு ஈரம் குடிச்சிருக்குது, அதான் இத்தினி ஓட்டை. இதே ராடுல வேற எங்கன்னா வெல்டிங் வெச்சியா?"

முந்தின வாரம்தான் சரோஜா வேலை செய்யும் மில்லில், நெல் ஊறவைக்கும் தொட்டியின் இரும்புத் தாங்கிகளுக்கு அதே ராடால் வெல்டிங் வைத்திருந்தேன். டெஸ்ட் நடந்த அன்றுதான் முதல்முறையாக அதில் தண்ணீர் ஏற்றுகிறார்கள்.

"ஜல்தி ஏறுடா" என்று முதலாளி பைக்கை எடுத்தார். வழியெல்லாம் அம்மா, அம்மா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

மில்லில் மழைக்குப் பயந்து பெண்கள் எல்லோரும் தொட்டிக்கு அடியில் ஒதுங்கியிருந்தார்கள். சரோஜாவும் அங்கேதான் நின்றாள். வெளியே வரச் சொல்லிக் கத்தினேன்.

"இன்னாங்க, மழை இப்படி ஊத்திகினு கீது?" என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். மற்றவர்களும் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடி வந்தார்கள். முதலாளி மோட்டாரை நிறுத்துவதற்குள் ஒரு தாங்கி பிய்ந்தது. தொட்டி சாய்ந்து, அவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சேற்றில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

நான் தேறியிருந்தால் யாரும் மில்லுக்கு ஓடியிருக்க மாட்டோம்.

ராடுகளைச் சூட்டில் நன்றாகக் காயவைத்து மறுபடி டெஸ்ட் வைத்தார்கள். தேறினேன். தை மாதம் பெண் பிறந்தாள். அம்மன் பெயரான ரேணுகா என்றே பெயர் வைத்து, படவேட்டில் முடி இறக்கினோம். அன்றிலிருந்து ஆடி வெள்ளி தவறாமல் குடும்பத்தோடு போகிறோம்.

கேட்டது கிடைக்கவில்லையே என்று கலங்கி நிற்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒருமுறை படவேட்டுக்கு வந்து அவளிடம் மனசைக் கொட்டுங்கள்.