பிரேக்குக்கு எட்டாத பாதம்

தொப்பையைக் கரைத்தே தீருவது என்ற வைராக்கியம் பஸ் டிரைவருக்கு ஐம்பது வயதில் வந்தது. ஜிம்மில் இளவட்டங்களுக்குச் சளைக்காமல் எடை தூக்கியவருக்கு ஒருநாள் இடுப்பில் சுளீரென்றது.

"வலிச்சா விட்டுத் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

"வலிச்சாத்தான்டி தொப்பை கரையும்," என்று மறுநாளும் போனார்.

மூன்று வாரத்தில் வலி அடங்கியது. ஆனால் வலது பாதம் மரத்துப்போனது; தெருவில் செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில், பணிமனையில் பஸ்ஸை நிறுத்தும்போது கால் பிரேக்குக்குப் போய்ச் சேரத் தாமதித்தது. காலி பஸ் சுவரை உரசி நின்றது. யாரும் பார்க்கவில்லை. இருக்கையை விட்டு எழ அவருக்கு வெகுநேரமாயிற்று.

"முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியிருக்கு. மூளை சொல்றது பாதத்துக்குப் போகலை. வலிச்சப்பவே வந்திருக்கணும்," என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகும் தொங்கிப்போன பாதம் நிமிருமா என்பதற்கு அவர் உறுதி தரவில்லை.

அங்கிருந்து நேரே பணிமனை மேலாளரிடம் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"என்னண்ணே, லீவா?"

"இல்ல சார். அந்தச் சுவத்துல கீறல் போட்டது நான்தான். இனி என்னை நம்பி ஜனங்களை ஏத்தாதீங்க."

ஆபரேஷன் முடிந்தது. பாதம் நிமிரவில்லை. இப்போது அவர் அதே பணிமனையை ஒட்டிய பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, பஸ் புறப்படும் நேரத்தைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.