ஒன்பதாவது போன்

அண்ணன் மகளின் நிக்காஹ் அன்று காலையில் எங்கள் வீட்டு வைஃபை பெட்டி எரிந்துபோனது. எங்கள் தெருக் கரண்ட் நல்ல நாளாகப் பார்த்துத்தான் எகிறும். சந்துக்குள் இருக்கும் வீடு, செல்போன் சிக்னலும் எடுக்காது. சவூதியில் லீவு கிடைக்காத அண்ணன் வீடியோ காலில்தான் மகளின் நிக்காஹைப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில்.

இன்டர்நெட் ஒயரை நேராக என் லேப்டாப்பில் செருகி, அதையே ஹாட்ஸ்பாட் ஆக்கினேன். ஒயர் முன்னறையைத் தாண்டாது, நிக்காஹ் கூடத்தில். அங்கே ஸ்டாண்டில் ஒரு போனை மாட்டி அண்ணனைக் கூப்பிட்டேன். முகம் பளிச்சென்று தெரிந்தது. நிம்மதியாகி, அந்தப் போனை அணைத்துச் சார்ஜில் போட்டேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். வைஃபை கேட்டவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க்கோடு பாஸ்வேர்டையும் கொடுத்தேன். வீடு தேடி வந்தவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நிக்காஹ் நடத்திவைக்கும் அசரத் வந்து உட்கார்ந்ததும் ஸ்டாண்ட் போனைப் போட்டால் வைஃபை கிடைக்கவில்லை. ஓடிப்போய் லேப்டாப்பைப் பார்த்தேன். எட்டுப் போன்களுக்குத்தான் இடமாம், எட்டும் நிரம்பிவிட்டதாம். பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது. அன்று இந்த மண்டையில் உறைக்கவில்லை.

"யாராச்சும் ஒருத்தர் வைஃபைய ஆஃப் பண்ணுங்களேன்!" என்று கூடத்தில் நின்று கத்தினேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள்.

"தம்பி, நீதான ரீல்ஸ் பாத்துக்கிட்டிருந்த?"

"நான் அப்பவே ஆஃப் பண்ணிட்டேண்ணே."

உள்ளறைக் கதவு இடுக்கிலிருந்து மணப்பெண் கேட்டாள். "சச்சா, அத்தா லைன்ல வந்துட்டாகளா?"

"வந்துருவாகம்மா."

அசரத்துக்கு அடுத்து இன்னொரு நிக்காஹ் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள். நான் ஸ்டாண்ட் போனை அமுக்கிக்கொண்டே நின்றேன்.

மாப்பிள்ளை "கபூல்" என்று சம்மதம் சொல்லி வாய் மூடவில்லை, என் சட்டைப் பையில் டிங் என்றது. வாட்ஸப்பில் அண்ணன்: "என்னடா ஆச்சு?"

சிக்னல் இல்லாத வீட்டில் அந்தச் செய்தி எப்படி வந்தது? எட்டில் ஒன்று என் போன்.

அதை அணைத்ததும் ஸ்டாண்ட் போன் இணைந்துவிட்டது. அண்ணன் முகம் தெரிந்தபோது எல்லோரும் துஆவுக்குக் கையேந்தியிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சாடா?"

"நெட்டு போயிருச்சுண்ணே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே அவரும் கையேந்தினார்.

இன்றைக்கும் பேச்சு அந்த நாள் பக்கம் போனால் அண்ணன் நெட்டுக்காரரைத்தான் ஏசுகிறார். நானும் "ஆமாண்ணே" என்கிறேன்.