தொட்டிக்குள் போன தண்ணீர்

பட்டறையில் அவரை எண்ணெய் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். உலையில் சிவந்த எஃகுப் பல்சக்கரங்களை எண்ணெய்த் தொட்டியில் இறக்கித் தோய்ச்சல் போடுவது அவர் வேலை. சக்கரம் மெதுவாக ஆறினால் மெத்தென்று போய்விடும். வேகமாக ஆறினால்தான் கடினப்படும். அதற்காக அந்த வகை எஃகைத் தண்ணீரில் போடவும் முடியாது. தண்ணீர் சூட்டை ஒரேயடியாகப் பிடுங்கும், பல்லின் அடியில் மயிரிழை போல விரிசல் விழும். எண்ணெய் கொஞ்சம் நிதானமாக வாங்கிக்கொள்ளும்.

தொட்டிப் பக்கம் ஈரத்துணி கூட வரக்கூடாது என்று எல்லோரையும் விரட்டுபவர் அவர்தான். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். உள்ளே விழுந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிவந்த இரும்பு அதன் மேல் இறங்கினால் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகிப் பொங்கி, எண்ணெயை எல்லாம் வெளியே வாரி இறைக்கும். வெளியே வந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும். அந்தத் தீயை மறுபடி தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது.

சிறுநீரகம் கெட்ட பிறகு டாக்டர் அவருக்குத் தண்ணீரைக் குறைத்துவிட்டார். காலையில் மனைவி நிரப்பித் தரும் சின்ன பாட்டில்தான், டீயும் அதில் சேர்த்தி. உலைக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை வேண்டாம் என்றும் டாக்டர் சொன்னார். அவர் கேட்கவில்லை. கட்டுப்பாட்டோடு இருப்பதாக முதலாளியம்மாவிடம் வாக்குக் கொடுத்துத்தான் தொட்டியில் நீடித்தார்.

"எண்ணெய் அண்ணே, இது பாட்டிலா, கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தா?" என்பான் சங்கிலிப் பளுதூக்கியை இயக்குகிறவன். அவனுக்குப் பட்டப்பெயர் கொக்கி.

"உனக்கு வாய்க்குப் பூட்டு போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்காரு அதே டாக்டரு."

சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் தாகம் சிரிப்பில் அடங்குவதில்லை. குடித்த தண்ணீர் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் முன்பே, தொண்டை நனைந்த உடனே தாகம் தணிந்துவிடும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். அதனால் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். இவரும் துப்பிப் பார்த்தார். துப்பிய கையோடு தாகம் திரும்பி வந்து நின்றது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி, உடம்பில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க, அவர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்துவாள். குழி எழும்பாமல் நின்றால் அன்றைக்குப் பேச்சு வளர்க்க மாட்டாள். முகம் மட்டும் மாறும். அந்த முகத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அப்படியும் ஒரு கேன் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். யார் கண்ணும் படாத இடம் பட்டறையில் ஒன்றே ஒன்றுதான்: தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, பின்விளிம்பை ஒட்டிக் குழாய்கள் போகிற தட்டு. அவரைத் தவிர யாருக்கும் அங்கே வேலை கிடையாது.

அன்று காலை உலையில் ஒரு கூடைச் சக்கரங்கள் சிவந்து தயாராக இருந்தன. கொக்கி சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு மடக்கு குடித்துவிட்டு வரலாம் என்று அவர் பின்னால் போனார். கேன் சாய்ந்து கிடந்தது. மூடி இல்லை. வாய் எண்ணெய்க்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் ததும்பத் ததும்ப நிரப்பியிருந்தார். குனிந்து தரையைத் தடவினார். கையில் தூசிதான் ஒட்டியது.

"இறக்கலாமாண்ணே?"

"கொஞ்சம் இரு. எண்ணெய் சூடு சரியில்ல."

"மீட்டர் முள்ளு சரியாத்தானே நிக்குது? கூடை வெந்து கெடக்கு. கலக்கியைப் போட்டுடட்டுமா?"

கொக்கியின் கை சுவிட்சுக்குப் போனது. எண்ணெயைச் சுழற்றும் அந்தக் கலக்கி ஓடினால் அடியில் கிடக்கும் தண்ணீர் தொட்டி முழுக்கப் பரவிவிடும். வேறு ஏதாவது பொய் கிடைக்குமா என்று அவர் தேடினார். கிடைக்கவில்லை.

"தொடாத. உள்ள தண்ணி இருக்கு."

"தண்ணியா? அது எப்படி வந்துச்சு?"

"என் தண்ணிடா."

கொக்கிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவர் கேனை எடுத்துக் காட்டினார். உலையை அணைத்து, கூடையை உள்ளேயே ஆறவிட்டார்கள். சக்கரங்கள் மெத்தென்று போகும், மறுபடி முதலிலிருந்து காய்ச்ச வேண்டும். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஒரு தகர டப்பாவில் பிடித்தார்கள். முதலில் வந்தது தண்ணீர். டப்பா நிரம்பிய பிறகும் தண்ணீரே வந்தது.

கொக்கி ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். வழக்கமாக அவன் நிற்கிற இடம் தொட்டி விளிம்புதான்.

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்கண்ணே" என்றான்.

முதலாளியம்மா வந்து டப்பாவைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"நாளையிலேர்ந்து நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்க. தொட்டிப் பக்கம் வர வேணாம். வீட்ல நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்லிக்கிறீங்களா?"

"நானே சொல்லிடறேம்மா."

வீட்டில் மனைவி வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் காலை நீட்டவில்லை.

"அமுக்க வேணாம். நானே சொல்றேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி வேலை போனதைக் கடைசியில் சொன்னார்.

அவள் நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"நான் பாட்டில்ல கோடு பாத்து ஊத்துறேன், நீங்க அங்க கேன் வெச்சிருக்கீங்க. என்னை என்னன்னு நெனச்சீங்க, ஜெயிலருன்னா?"

"உங்கிட்டக் கேட்டா மாறுற உன் மூஞ்சியைப் பாக்க முடியலடி. அதான்."

"இப்ப மட்டும் எப்படிப் பாக்குறீங்களாம்?"

அவள் அவர் காலை இழுத்து மடியில் வைத்து அழுத்தினாள். குழி அப்படியே நின்றது. விரலை எடுத்த பிறகும் இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"டாக்டர்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு விடாம சொல்லணும்."

"சொல்றேன்." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. "நாளைக்கு உள்ளதுல ஒரு வாய் இப்பக் குடேன்."

"நாளைக்கு உள்ளது நாளைக்குத்தான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். தண்ணீர்ப் பானை மேல் மூடியை இறுக்கி வைக்கிற சத்தம் கேட்டது.