திறந்து கிடந்த கதவின் கண்ணாடி

எங்கள் அத்தைக்கு மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. பொய்ப்பல் கட்டுவது அவள் தொழில். பல் டாக்டர்கள் வருகிறவர்களின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அத்தை அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வடித்தெடுத்து, மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, செட்டாக முடித்து அனுப்புவாள். ஊரில் பாதிப் பேரை முகம் தெரியாமலே தாடையாகத் தெரியும் அவளுக்கு.

"முகத்துக்குப் பவுடர் பூசி ஏமாத்தலாம். தாடைக்கு என்ன பூசுவான்?" என்பாள். பேச்சில் தேன் ஒழுகும் ஒரு பெரிய மனிதரின் அச்சைக் காட்டி, "தேய்மானத்தைப் பாரு, தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறான். பகல்ல யாரைப் பார்த்தாலும் கும்பிடுறான். நம்பாதே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

சின்ன வயதில், வாயில் அச்சு எடுக்கிற தட்டுகளைக் கழுவும் வேலைக்குத்தான் ஒரு பல் பட்டறைக்குள் போனாள். தாத்தாவுக்கு அவள் டீச்சர் ஆக வேண்டும். "ஒரு கூட்டத்தையே உட்கார வச்சுத் திட்ட என்னால ஆகாது, ஒவ்வொருத்தராத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டுத் தட்டு கழுவப் போனவள், முதலாளி கடையை விட்டுப் போனபோது அந்த நீளமான அறையையும் அதன் வாடகையையும் தானே எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம் வெள்ளையாக இருக்கும், பிளாஸ்டர் தூசி.

மாமா அவளுக்கு நேர்மாறு. குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் வேலை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததிலிருந்து வீட்டில் நிபுணராக இருக்கிறார். எந்தத் துறையில் என்று கேட்காதீர்கள். குழாய் ஒழுகினால் குழாய், பக்கத்து வீட்டில் பெண் பார்த்தால் கல்யாணம். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டால் கொஞ்சம் அதிகமாகச் சொல்வார். கையில் எடுத்த எதையும் முடித்ததில்லை என்பதை மட்டும் அவர் வாய் சொல்லாது.

கார் அத்தையுடையது. கைமாறி வந்த பழைய வண்டி. கிளினிக் கிளினிக்காகப் பல் செட்டுகளைக் கொண்டு கொடுக்கத் தன் சம்பாத்தியத்தில் வாங்கினாள். அதன் இடது முன்கதவு பூட்டாது. சாவியைத் திருப்பினால் மற்ற கதவெல்லாம் பூட்டிக்கொள்ளும், அது மட்டும் சும்மா நிற்கும். மாமா அதை அடுத்த வாரம் சரிசெய்வதாக ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் அவர்களும் இருந்த குடியிருப்பில் எல்லாருக்கும் அந்தக் கதவைத் தெரியும்.

ஒரு நாள் காலை அத்தை பையோடு கீழே இறங்கினாள். நானும் வேலைக்குப் போக அவள் பின்னாலேயே வந்தேன். காரின் இடது பக்கத்துத் தரையில் கல்லுப்பைக் கொட்டியதுபோல் கண்ணாடித் துகள். இடது முன்கதவின் கண்ணாடி முழுவதும் போயிருந்தது. விளிம்பில் மட்டும் நாலைந்து சில்லு ஒட்டிக்கொண்டு நின்றது. சீட்டின்மேல் ஒரு செங்கல்.

அத்தை கத்தவில்லை. கதவின் கைப்பிடியை இழுத்தாள். எப்போதும்போல் திறந்துகொண்டது. மூடினாள். மறுபடி இழுத்தாள். மறுபடி திறந்தது.

"பார்த்தியா?" என்றாள் என்னிடம். "திறந்து கிடந்த கதவு. இவன் செங்கல்லைத் தேடிக் கொண்டு வந்து கண்ணாடியை உடைச்சிருக்கான். கைப்பிடின்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்காங்கன்னுகூடத் தெரியாதவன்."

"என்ன அத்தை போச்சு?"

"பெட்டி."

முந்தின நாள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியாமல் போனதால், வேலைப் பெட்டியைச் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தாள். உள்ளே பிளாஸ்டர் தாடைகளும் முடிந்த சில பல் செட்டுகளும் இருந்தன. திருடன் எடுத்துக்கொண்டு போனது ஊரார் பல்லை.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வாட்ச்மேன், தான் தூங்கவே இல்லை என்று யாரும் கேட்காமலே மூன்று பேரிடம் சொன்னார். இரண்டாம் மாடி அம்மா, "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். எப்போது நினைத்தார், எதை நினைத்தார் என்பது தெரியவில்லை. அவர் எல்லாவற்றையும் அப்போதே நினைத்தவர்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன்.

"என்ன போச்சு?" என்று கேட்டார் எழுதுகிறவர்.

"பல்லு."

அவர் நிமிர்ந்து அத்தையின் வாயைப் பார்த்தார்.

"என் பல்லு இல்ல. அடுத்தவங்க பல்லு."

"அடுத்தவங்க பல்லு உங்க வண்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

அத்தை தன் தொழிலைச் சொன்னாள். பின்னால் நின்ற இரண்டு பேர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள் குலுங்குவது தெரிந்தது.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"ஊர்ல பல்லில்லாத எல்லார் மேலயும்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அத்தை, "இவங்க பிடிச்சிடுவாங்க. அந்தத் திருடனுக்கு ஏத்த போலீஸ்" என்றாள்.

போலீஸுக்குக் கிடைக்காத பெட்டி, பக்கத்துத் தெருப் பூங்காவைப் பெருக்குகிற அம்மாவுக்கு மறுநாள் காலையே கிடைத்தது. பல்லைப் பார்த்ததும் அத்தையுடையதென்று தெரிந்து வந்து சொன்னார். போய்ப் பார்த்தால், பூங்காவின் குட்டைச் சுவர்மேல் யாரோ தாடைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று அத்தனையும் வழியைப் பார்த்துப் பல்லிளித்தன. நடைப்பயிற்சிக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் புல்லில் சுற்றிப் போனார்கள். ஒருவர் மட்டும் கிட்டே வந்து ஒன்றை உற்றுப் பார்த்து, "இது எங்க மாமனார் மாதிரியே இருக்கு" என்றார்.

"அவராத்தான் இருக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள் அத்தை. அவர் போய்விட்டார்.

பல் செட்டுகள் சுவருக்குக் கீழே சேற்றில் கிடந்தன. ஒன்றை நாய் கடித்துத் துப்பியிருந்தது. மற்றவையெல்லாம் முழுசாக இருந்தன. அத்தை துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். "கதவைத் திறந்து பார்க்கத் தெரியல. பெட்டியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கத் தெரியல. இவனெல்லாம் திருடப் போகலைன்னு யார் அழுதா?" என்றாள். அவளுக்குத் திருட்டின்மேல் கோபம் இல்லை. வேலை தெரியாதவன்மேல்தான் கோபம்.

வேலை தெரியாத இன்னொருவர் வீட்டில் காத்திருந்தார்.

"கண்ணாடிக் கடைக்குப் போகாதே. தலையில மிளகாய் அரைச்சிடுவான். நானே மாத்திடறேன்" என்றார் மாமா.

"நீங்களா?"

"அதுல என்ன இருக்கு? கதவு அட்டையைக் கழட்டணும், பழசை எடுக்கணும், புதுசைப் போடணும். போன்ல ஒருத்தன் காபி குடிச்சுக்கிட்டே பண்றான்."

அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஜன்னலில் வைத்து டேப் ஒட்டினார். டேப் ஒரு சுருள் முழுவதும் தீர்ந்தது. கதவில் பெயிண்ட் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. பிறகு கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு நெம்பிக் கதவின் உள் அட்டையைக் கழற்றினார். டப் டப்பென்று கிளிப்புகள் உடையும் சத்தம் மேலே எங்கள் வீடுவரை கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும், "அது அப்படித்தான் வரும்" என்ற மாமாவின் குரலும் கேட்டது.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் காயலான் கடைக்குப் போய் ஒரு கண்ணாடியும் வாங்கி வந்தார். பொருத்திப் பார்த்தார். முன்பக்கம் நின்றால் பின்பக்கம் வெளியே தள்ளியது. பின்பக்கத்தை அழுத்தினால் முன்பக்கம் எகிறியது.

"கதவு வளைஞ்சிருக்கு. செங்கல்லு பட்டதுல" என்றார்.

அத்தை பட்டறையிலிருந்து வந்தவள் அப்படியே நின்று கண்ணாடியைப் பார்த்தாள். "இது வலது கதவோட கண்ணாடி."

"கண்ணாடிக்கு ஏது வலது, இடது? திருப்பிப் போட்டா ஆச்சு."

"மேல் பல்லைத் திருப்பிக் கீழே போட்டா மெல்லுவீங்களா? கண்ணாடி வெளிப்பக்கம் பார்த்து வளைஞ்சிருக்கணும். நீங்க திருப்பினா உள்பக்கம் வளையும்."

மாமா அதைத் திருப்பிப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். "அவன் ஏமாத்திட்டான்" என்றார்.

"அவன் எதுக்கு ஏமாத்தணும்? நீங்க போயிருந்தீங்களே, அது போதாதா?"

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் பிளாஸ்டிக்தான். மாமா சரியான கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் ஷீட் படபடவென்று கை தட்டும். மழை பெய்தால் சீட்டில் குளம். ஒரு கிளினிக் வாசலில் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க வண்டிக்கே ஒரு பல்லு போச்சா?" என்று சிரித்தார்.

"ஆமா டாக்டர். நீங்க பிடுங்கின மாதிரியே இருக்கு. பக்கத்துல இருக்கிறதும் ஆடுது" என்றாள் அத்தை.

ஆனால் அந்தக் கேலி அவளைத் தைத்திருக்க வேண்டும். அடுத்தவர் வாயில் ஓட்டையை அடைத்தே வாழ்ந்தவள், தன் ஓட்டையை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு தெருத் தெருவாகத் திரிகிறாள். ஒரு நாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் வண்டியை நேரே கார்க் கண்ணாடிக் கடைக்குள் விட்டாள். எனக்கு அன்று விடுமுறை. துணைக்கு வா என்று கூட்டிப் போயிருந்தாள்.

கடைக்காரர் டேப்பை உரிப்பதற்கே பெருமூச்சு விட்டார். "யாரும்மா ஒட்டினது இதை?"

"எங்க வீட்ல ஒரு நிபுணர் இருக்கார்."

"கிளிப்பெல்லாம் உடைஞ்சிருக்கே."

"அதுவும் அவர்தான்."

அவர் அட்டையை எடுத்துவிட்டுக் கதவின் வயிற்றுக்குள் குழாயை விட்டுத் துகள்களை உறிஞ்சினார். சரசரவென்று கண்ணாடி மழையாகப் போயிற்று. பிறகு புதுக் கண்ணாடியைச் சாய்த்து உள்ளே இறக்கி, ரப்பர் தடத்தில் உட்காரவைத்து, தூக்குகிற கம்பியோடு கீழே திருகினார். மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தார். வேலை நடந்த நேரமெல்லாம் அவர் பேசவே இல்லை. அத்தைக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பூட்டையும் சரிசெய்யச் சொன்னாள். அதுவும் ஆயிற்று.

நாங்கள் திரும்பி வந்து நிறுத்தும்போது, மாமா வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். பழைய போர்வையில் எதையோ சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தியிருந்தார். நான் இறங்கிவிட்டேன். அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணாடி முழுசாக இறங்கியிருந்ததால் மாமாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"கிடைச்சிடுச்சு. இடது. அசல் இடது. ஊருக்கு வெளியில போய்ப் பிடிச்சேன். அவன் என்னமோ இல்லைன்னான், நான் விடலை. எப்படிக் கேக்கணும்னு ஒரு முறை இருக்கு பாரு, முதல்ல வண்டியோட வருஷத்தைச் சொல்லணும், அப்புறம்…"

அத்தை பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி மெல்ல மேலே ஏறியது. மாமா பேசிக்கொண்டே நிமிர்ந்து பின்வாங்கினார். கண்ணாடி மேலே போய் முட்டியதும் குரல் நின்றுவிட்டது. வாய் மட்டும் இரண்டு அசைவு அசைந்தது. பிறகு அவருக்குப் புரிந்தது. வாய் திறந்தபடியே நின்றார்.

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக அவரையே பார்த்தாள். அவரை அல்ல, அவர் வாயை. அத்தனை வருஷத்தில் சத்தமில்லாமல் அந்த வாயை அவள் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியை மறுபடி இறக்கினாள்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு? நீ கடையில போய்…"

"பேசாம திறங்க."

திறந்தார். மேலே இடது பக்கம் பின்னால் இரண்டு பல் இல்லை. அடுத்ததும் பாதி உடைந்திருந்தது.

"எப்ப விழுந்துச்சு?"

"அது ஆச்சு. போன வருஷம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

மாமா போர்வைப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "சொன்னா என்ன சொல்லுவேன்னு தெரியாதா? ஊருக்கே பல்லு கட்றவ வீட்டுக்காரன் பல்லைப் பார்த்துக்கத் துப்பில்லைன்னு சொல்லுவே. ஒரு பக்கமாவே மென்னுட்டிருந்தேன்."

அவர் சொன்னது அப்படியே அவள் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம். அவளிடமிருந்து அவரால் திருட முடிந்தது அது ஒன்றுதான் போலும்.

"துப்பில்லைன்னுதான் சொல்லுவேன்" என்றாள் அத்தை. "ஏறுங்க."

"கண்ணாடியை என்ன பண்றது?"

"மடியில வச்சுக்குங்க."

கதவைத் திறந்து ஏறினார். அன்று சாயங்காலமே அத்தை அவரை டாக்டரிடம் கூட்டிப்போய் உடைந்ததைச் சரிசெய்ய வைத்து, அச்சும் எடுக்க வைத்தாள். வாயில் அச்சுத் தட்டு இருந்த நேரம் முழுவதும் அவர் கையால் ஏதோ யோசனை சொல்லிக்கொண்டே இருந்தாராம். டாக்டர், "கொஞ்சம் கையையும் மூடுங்க சார்" என்றாராம். அத்தை அதை எங்கள் வீட்டில் வந்து மூன்று தடவை சொன்னாள்.

அவருக்கு அவள் செய்த பல் மிக நன்றாக இருந்தது. அடுத்த பல்லின் மஞ்சளையும் தேய்மானத்தையும்கூட அப்படியே கொண்டுவந்திருந்தாள். மாமா கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, நிறம் ஒரு இழை தூக்கலாக இருக்கிறது, தான் பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்றார். அத்தை அவரைப் பட்டறைப் பக்கம் விடுவதில்லை.

அந்த இடது கண்ணாடி இப்போது பீரோவுக்குப் பின்னால் போர்வையோடு நிற்கிறது. எடுத்துப் போடச் சொன்னால், "இருக்கட்டும், ஆகும்" என்கிறார். எதற்கு ஆகும் என்று அத்தை கேட்பதில்லை. கேட்டால் விளக்குவார்.